ஒரே மாடல், ஆயிரம் மடங்கு விலை: பழைய ரிவால்வர்களின் மதிப்பு எப்படி முடிவாகிறது?

2021 ஆகஸ்ட் 27 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் போன்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு கோல்ட் (Colt) ரிவால்வர் 60,30,312 டாலருக்குப் போனது. விற்பனைக்கு முன் நிறுவனம் சொல்லியிருந்த மதிப்பீடு 20 முதல் 30 லட்சம் டாலர்தான். அதே மாடலில், ஏறத்தாழ அதே காலத்தில், அதே தொழிற்சாலையில் செய்த வேறொரு ரிவால்வரை, நன்றாகத் தேய்ந்த நிலையில், அமெரிக்காவில் இன்றும் சில ஆயிரம் டாலருக்கு வாங்கலாம். இரண்டிலும் இருப்பது ஒரே வகை இரும்பு, ஒரே வேலைப்பாடு. பிறகு எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்?

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் "பழசு என்றால் காசு" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். "பணம் மிஞ்சியவர்களின் பைத்தியக்காரத்தனம்" என்று வேறு சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. வயதுக்கு என்று இந்தச் சந்தையில் தனி மதிப்பு மிகக் குறைவு. யாரும் கைவைத்து மாற்றாத பொருளுக்கும், அதைப் பற்றி நிரூபிக்க முடிந்த தகவலுக்கும்தான் பணம் கொடுக்கிறார்கள். அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்

ரிவால்வரில் குண்டுகள் சுழலும் உருளை ஒன்றில் இருக்கும். அதைச் சிலிண்டர் என்கிறோம். பெரும்பாலும் அதில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். இந்த ஏற்பாட்டைப் பெருமளவில் உற்பத்தி செய்யும்படி ஆக்கியவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1814-ல் பிறந்த சாமுவேல் கோல்ட். 1830-ல் பதினாறு வயதில் கோர்வோ என்ற கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட அவர், அந்தப் பயணத்தில்தான் மரத்தில் முதல் மாதிரியைச் செதுக்கினார் என்று சொல்வார்கள். அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு 1836-ல் கிடைத்தது.

முதல் தலைமுறை ரிவால்வர்களில் இன்று நாம் பார்க்கும் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்பக்கத்தில் ஒரு சிறு கேப்பைப் பொருத்த வேண்டும். தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் பொட்டுக் கேப்பு எப்படி அடிபட்டதும் பொறி விடுமோ, அதே வேலையை இந்தச் செப்புக் கேப்பு செய்தது. இவற்றைக் கேப்பு ரிவால்வர் என்போம். மருந்து, குண்டு, கேப்பு மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள் வந்த பிறகு உருவானவை தோட்டா ரிவால்வர்கள்.

இன்னும் இரண்டு சொற்கள். தொழிற்சாலை உலோகத்தின் மேல் ஏற்படுத்தும் நீல நிறம், நிக்கல் பூச்சு போன்றவற்றை மேற்பூச்சு என்று இங்கே சொல்கிறேன். ஒரு ரிவால்வர் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சான்றுள்ள தொடர்தான் உடைமை வரலாறு. விலையில் பெரும்பகுதியை முடிவு செய்வது இந்த இரண்டும்தான்.

அரிது என்று எப்போது சொல்லலாம்?

கோல்ட் 1851 நேவி என்ற மாடலை ஹார்ட்ஃபோர்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 170 வருடம் பழசு என்பதால் அது அரிதாகிவிடாது. ஆனால் 1847-ல் வந்த கோல்ட் வாக்கர் மொத்தமே 1,100 தான். அரிது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோல்ட்டின் முதல் தொழிற்சாலை நியூஜெர்சியின் பேட்டர்சனில் இருந்தது. 1842-ல் நொடித்துப் போனது. கையில் தொழிற்சாலையே இல்லாத நேரத்தில், மெக்சிகோப் போருக்காக டெக்சாஸ் வீரரான கேப்டன் சாமுவேல் வாக்கர் அவரிடம் பேசி, குதிரையில் இருந்தபடி சுடக்கூடிய சக்தி வாய்ந்த ரிவால்வர் வேண்டும் என்றார். அரசாங்கம் ஆயிரம் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கனெக்டிகட்டில் எலி விட்னி ஜூனியரின் தொழிற்சாலையில் அவற்றைச் செய்து வாங்கினார் கோல்ட். கூடவே பொதுமக்களுக்கும் பரிசளிக்கவும் என்று நூறு செய்துகொண்டார். ராணுவத்துக்குப் போனவற்றில் ஏ, பி, சி, டி, ஈ என்று படைப்பிரிவு எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டன. நூறு தனியார் துப்பாக்கிகளுக்கு 1001 முதல் 1100 வரை எண்கள்.

இரண்டு கிலோவுக்கு மேல் எடை, ஒன்பது அங்குலக் குழல், ஓர் அறைக்கு 60 கிரெயின் (ஏறக்குறைய 4 கிராம்) வரை கருமருந்து. அன்றைய இரும்பு இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கவில்லை. அளவுக்கு மேல் மருந்து போட்டதாலும் கூம்புக் குண்டைத் தலைகீழாக வைத்ததாலும் பல சிலிண்டர்கள் போர்க்களத்திலேயே வெடித்துச் சிதறின. வாக்கர் 1847 அக்டோபர் 9 அன்று ஹுவமாந்த்லா சண்டையில் இறந்தார். மிஞ்சிய துப்பாக்கிகள் அடுத்த பதினைந்து இருபது வருடம் எல்லைப்புறங்களில் வேலை செய்து தேய்ந்தன. இன்று இருப்பது அந்த 1,100-ல் ஒரு சிறு பங்குதான். அவற்றிலும், சிலிண்டரைச் சுற்றிப் பொறித்திருந்த டெக்சாஸ் வீரர்களுக்கும் கொமாஞ்சிப் பழங்குடியினருக்கும் நடந்த சண்டைக் காட்சி கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியவை இன்னும் குறைவு.

அந்தத் தனியார் நூறில் ஒன்றை வாங்கியவர் ஒரு டேனிஷ் கப்பல் கேப்டன். பெட்டியோடும் உபகரணங்களோடும் மிஞ்சியிருப்பதாகத் தெரியவந்த ஒரே வாக்கர் அதுதான். 2018 ஏப்ரலில் ராக் ஐலண்ட் ஏலத்தில் அது 18,40,000 டாலருக்கு விற்றது. போரில் சுடாமல், கடல் தாண்டிப் போய், பெட்டிக்குள் கிடந்ததால் பிழைத்தது. பயன்படாமல் இருந்ததே அதன் மதிப்பு.

சரி, குறைவாகச் செய்தால் போதுமா? போதாது. அரிதாவதற்குப் பல வழிகள் உண்டு.

1. காப்புரிமைச் சிக்கலால் வருவது. சிலிண்டரை இரு பக்கமும் திறந்தபடி துளையிட்டுத் தோட்டா போடும் முறைக்கு ரோலின் வைட் 1855-ல் காப்புரிமை பெற்றார். அதை ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் தன் வசமாக்கிக்கொண்டு, 1857-ல் முதல் தோட்டா ரிவால்வரை வெளியிட்டது. 1869-ல் அந்தக் காப்புரிமை முடியும் வரை கோல்ட் போன்ற போட்டியாளர்கள் சுற்றுவழி தேட வேண்டியிருந்தது. அந்தச் சில வருடங்களில் பிறந்த வினோதமான மாற்று வடிவங்கள், கேப்பு ரிவால்வரைத் தோட்டாவுக்கு மாற்றிய இடைக்கால மாடல்கள் எல்லாம் எண்ணிக்கையில் குறைவு. அதனால்தான் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள்.

2. போரால் வருவது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களிடம் நல்ல இரும்பு இல்லை. ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில்லில் பித்தளைச் சட்டத்தில் (சட்டம் என்பது மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதி) கோல்ட் நேவியைப் போலவே சுமார் 3,600 ரிவால்வர்கள் செய்தார்கள். அவற்றைச் செய்த கைகளில் பெரும்பாலானவை அடிமைகளின் கைகள். விலைப் பட்டியலைப் பார்க்கும்போது இந்த உண்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1864 நவம்பரில் வடக்கின் படைகள் அந்த ஊரை எரித்ததோடு உற்பத்தி நின்றது.

3. ஆர்டரின் பேரில் வருவது. மாடல் சாதாரணமானதாகவே இருக்கும். வாடிக்கையாளர் கேட்டதற்காக வேறு நீளக் குழல், இலக்குப் பயிற்சிக்கான தட்டை மேற்பகுதி, தந்தக் கைப்பிடி, செதுக்கு வேலை என்று செய்து கொடுத்திருப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை இருக்கிறது: தேடுகிறவர்கள் இருக்க வேண்டும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள் 19-ம் நூற்றாண்டில் எத்தனையோ பெயர்களில் ரிவால்வர்கள் செய்தன. சில வடிவங்கள் கோல்ட் வாக்கரைவிடக் குறைவாகவே மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தப் பட்டறையின் எல்லா வடிவங்களையும் சேர்த்தே தீருவேன் என்று முனைபவர் யாரும் இல்லாதபோது விலை ஏறாது. கோல்ட்டுக்கும் ஸ்மித் அண்ட் வெசனுக்கும் அப்படி முனைபவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

மேற்பூச்சு: விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும்

அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் வகுத்த நிலை வரிசையைத்தான் பெரும்பாலான வியாபாரிகள் பின்பற்றுகிறார்கள். அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பழம்பொருளுக்கு ஒரு வரிசை, நவீன துப்பாக்கிக்கு இன்னொரு வரிசை. பழம்பொருள் வரிசையில் "மிகச் சிறப்பு" என்ற நிலைக்கு எல்லாப் பாகங்களும் அசலாகவும், மேற்பூச்சில் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியும் இருந்தால் போதும். அதற்கு அடுத்த "சிறப்பு" நிலைக்கு 30 சதவீதத்துக்கு மேல். அதற்கும் அடுத்தது "மிக நன்று". அதில் மேற்பூச்சு முழுவதும் போயிருக்கலாம், பாகங்கள் மட்டும் அசலாக இருக்க வேண்டும். நவீன துப்பாக்கியில் அதே "மிகச் சிறப்பு" என்பது ஏறக்குறைய புதிது என்று பொருள்படும். விற்பவர் எந்த வரிசையில் பேசுகிறார் என்று கேட்காமல் வாங்கினால் ஏமாற்றம்தான்.

மேற்பூச்சுக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்க்கோட்டில் போகாது. 20 சதவீதத்திலிருந்து 40-க்குப் போவதில் கிடைக்கும் விலை உயர்வைவிட, 80-லிருந்து 95-க்குப் போவதில் கிடைப்பது பல மடங்கு பெரிது. காரணம் எளிது. வேலைக்காக வாங்கிய கருவி இது; உறையில் போட்டு எடுத்தால் தேயும், கருமருந்தின் கரி துரு பிடிக்க வைக்கும், கை வியர்வை நிறத்தைத் தின்னும். புதிதுபோல மிஞ்சியது விதிவிலக்கு.

கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற 1873 மாடலின் சட்டத்தில் நீலமும் பழுப்பும் மஞ்சளும் கலந்த திட்டுத் திட்டான நிறம் இருக்கும். எலும்புக்கரியும் மரக்கரியும் சேர்த்துச் சூடேற்றி, சட்டென்று தண்ணீரில் குளிர வைப்பதால் வரும் நிறம் அது. மேல்தோலைக் கடினமாக்கச் செய்தது. அழகு கூடவே வந்தது. வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். அதனால், கைப்பிடி ஓரத்திலும் நிழல்பட்ட மூலைகளிலும் மட்டும் அந்த நிறம் மிஞ்சியிருப்பதைப் பார்த்து அனுபவசாலிகள் அசலை அடையாளம் காண்கிறார்கள். எங்கும் ஒரே அளவில் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுவார்கள்.

பலரும் செய்கிற பெரிய தவறு இங்கேதான். பரணில் கிடந்த ரிவால்வர் கறுத்துப் போயிருக்கிறதே என்று நினைத்து, பட்டறையில் கொடுத்து மெருகேற்றி, நீல நிறம் புதிதாக ஏற்றி வாங்குவார்கள். இயந்திர மெருகில் மூன்று விஷயங்கள் போய்விடும்: எழுத்துகளின் கூர்மையான ஓரம், சட்டத்தின் நேரான விளிம்புகள், திருகு ஓட்டைகளின் சமதளம். திருகைச் சுற்றி உலோகம் கிண்ணம்போலக் குழிந்திருந்தால் அது மெருகேற்றியது என்று ஒரு பார்வையில் தெரியும். போனது திரும்பாது. மிகத் தேர்ந்த மறுசீரமைப்புக் கலைஞர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் போன துப்பாக்கி கண்ணுக்கு அசலைவிட அழகாகவே இருக்கும். அப்படி இருந்தும், நேர்மையாகத் தேய்ந்து பழுப்பேறிய அசலுக்கு அருகில் அதன் விலை வருவது கடினம். ஒருமுறை செய்த மேற்பூச்சு ஒன்றுதான்; அதற்கு மாற்றே கிடையாது என்பதில் சேகரிப்பாளர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். தொழிற்சாலை எப்படி வேலை செய்தது என்பதற்கு அந்தப் பூச்சே நேரடிச் சாட்சி.

எண்களும் முத்திரைகளும் சொல்லும் கணக்கு

பழைய ரிவால்வரில் வரிசை எண் ஒரே இடத்தில் இருக்காது. சட்டம், விசைக்காப்பு, கைப்பிடியின் பின்பட்டை, சிலிண்டர், குழல் என்று மாடலைப் பொறுத்துப் பல இடங்களில் பொறித்திருப்பார்கள். எல்லாம் பொருந்தினால் பாகங்கள் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் விலை இறங்கும். இது பொது விதி. ஆனால் விதியைத் தலைகீழாக்கும் ஒரு வகை இருக்கிறது.

1873-லிருந்து அமெரிக்கக் குதிரைப்படை வாங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிகளுக்கு ஏழரை அங்குலக் குழல். 1890களின் பிற்பாதியில் ராணுவம் அவற்றைத் திரும்ப வாங்கி, மொத்தமாகப் பிரித்து, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, கைக்கு வந்த பாகங்களைக் கலந்து பொருத்தியது. இவற்றைச் சேகரிப்பாளர்கள் "ஆர்ட்டிலரி" மாடல் என்கிறார்கள். இந்த வகையில் எண்கள் பொருந்தாமல் இருப்பதுதான் இயல்பு. ஒரு ஆர்ட்டிலரி மாடலில் எல்லா எண்களும் கச்சிதமாகப் பொருந்தினால், அது அபூர்வமான விதிவிலக்கா, யாரோ பின்னாளில் எண் அடித்ததா என்று விசாரிக்க வேண்டும். அதேபோல, வெட்டுக்குத் தப்பி ஏழரை அங்குலத்தோடும் பொருந்தும் எண்களோடும் மிஞ்சிய குதிரைப்படை மாடல் ஆர்ட்டிலரியைவிடப் பல மடங்கு விலை போவதும் இந்த வரலாற்றால்தான்.

ராணுவத் துப்பாக்கிகளில் பரிசோதகரின் தலைப்பெழுத்தும் இருக்கும். ஐன்ஸ்வொர்த் என்பவர் பரிசோதித்தவை ஆரம்பக் காலத்தவை. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் படை வைத்திருந்தவை அந்தத் தொகுதிகளில் இருந்து வந்தவை. அதனால் ஐன்ஸ்வொர்த்தின் தலைப்பெழுத்தான ஓ.டபிள்யூ.ஏ. என்ற மூன்று எழுத்துக்குத் தனி விலை. தனி விலை இருக்கும் எழுத்தைப் பொய்யாக அடிக்க ஆளும் இருக்கும். போலிகளின் தொல்லை மிக அதிகமாக இருப்பது கோல்ட் வாக்கர், குதிரைப்படை மாடல்கள், தென்மாநிலத் துப்பாக்கிகள் ஆகிய மூன்றிலும். 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் பழைய கேப்பு ரிவால்வர்களின் நகல்களைச் சட்டப்படியே செய்து விற்கிறார்கள். அவற்றில் நகல் முத்திரைகளை அராவி எடுத்து, அமிலத்தில் பழசாக்கி, அசல் என்று விற்கிறவர்கள் உண்டு. இயல்பாக வந்த துரு, கை படும் இடத்தில் குறைவாகவும் மூலைகளில் அதிகமாகவும் இருக்கும். அமிலத் துருவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முத்திரை அடித்த பள்ளத்துக்குள் இருக்கும் பழுப்பும் சுற்றியுள்ள பழுப்பும் ஒரே வயதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பது முதல் சோதனை.

தொழிற்சாலைக் கடிதம் என்ன நிரூபிக்கும், என்ன நிரூபிக்காது?

கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்கு வரிசை எண்ணை எழுதிக் கட்டணம் கட்டினால், பதிவேட்டில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள்: என்ன காலிபர் (குழலின் உள்விட்டம்), எவ்வளவு நீளக் குழல், என்ன பூச்சு, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பியது. ஸ்மித் அண்ட் வெசனுக்கும் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. எல்லாக் காலத்துக்கும் பதிவேடு மிஞ்சவில்லை. 1864 பிப்ரவரியில் கோல்ட் தொழிற்சாலையில் நடந்த பெரும் தீ விபத்தும் அதற்கு ஒரு காரணம்.

கடிதம் வந்ததும் துப்பாக்கியோடு ஒப்பிட வேண்டும். கடிதத்தில் ஏழரை அங்குலம், நிக்கல் என்று இருந்து, கையில் இருப்பது நாலே முக்கால் அங்குலம், நீலம் என்றால் அது மாற்றியமைத்தது. பொருந்தினால் நல்லது, ஆனாலும் அத்தோடு முடிவதில்லை. கடிதம் ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் கையில் இருக்கும் இரும்புத் துண்டுக்கு அது சாட்சி சொல்வதில்லை. மதிப்புள்ள எண் எது என்று தெரிந்துகொண்டு, மதிப்பில்லாத சட்டத்தில் அதை அடித்துவிட்டுக் கடிதம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் முதலில் துப்பாக்கியைச் சோதித்துவிட்டுத்தான் கடிதத்தை நம்ப வேண்டும்.

காகிதமே பொருளின் பாகமாகிப்போன ஒரு மாடலும் உண்டு. 1935-ல் ஸ்மித் அண்ட் வெசன் 0.357 மேக்னம் தோட்டாவோடு ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அதன் விலை 60 டாலர். வாங்குபவர் குழல் நீளத்தையும் குறிபார்க்கும் முள்ளையும் தானே தேர்வு செய்யலாம். அட்டையைப் பூர்த்தி செய்து அனுப்பினால் அவர் பெயரில் பதிவுச் சான்றிதழ் வரும். முதல் எண் எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவருக்குப் போனது. 1939 வரை சுமார் 5,500 செய்து, பிறகு அந்தப் பதிவு முறையை நிறுத்தினார்கள். இன்று அந்தத் துப்பாக்கியும் அதற்குரிய சான்றிதழும் சேர்ந்தே வந்தால் விலை கணிசமாக ஏறுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் காகிதம் குப்பைக்குப் போய்விட்டது.

கதைக்கு எவ்வளவு விலை?

இப்போது முதலில் சொன்ன 60 லட்சம் டாலர் ரிவால்வருக்கு வரலாம். அது சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி மாடல், வரிசை எண் 55093. 1880 டிசம்பரில் நியூ மெக்சிகோவில் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஷெரிஃப் பேட் காரெட், பில்லி தி கிட் என்ற பேர்போன சட்டவிரோதியின் கும்பலைப் பிடித்தபோது, அந்தக் கும்பலில் ஒருவனிடமிருந்து இதைக் கைப்பற்றினார். சிறையிலிருந்து தப்பிய பில்லி தி கிட்டை 1881 ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில் சுட்டுக் கொன்றது இதே துப்பாக்கியால்.

மேற்குப் பகுதியின் சட்டவிரோதிகளோடு தொடர்புபடுத்தப்படும் துப்பாக்கிகள் ஏராளம். "இது இன்னாருடையது" என்று குடும்பக் கதையோடு வரும் ரிவால்வர்களில் பெரும்பாலானவை வெறும் கதைதான். 55093 வேறுபடுவது அதன் தொடர்ச்சியில். காரெட் அதை எல் பாசோ நகரின் மதுக்கடை ஒன்றில் காட்சிக்கு வைக்கக் கொடுத்திருந்தார். 1908-ல் அவர் கொலையுண்டார். கடைக்காரரும் இறந்த பிறகு, துப்பாக்கி யாருக்குச் சொந்தம் என்று காரெட்டின் மனைவி அப்போலினாரியா வழக்குப் போட்டு, 1930களில் அதை மீட்டார். கணவரின் பொருளுக்காக ஒரு விதவை நடத்திய அந்த வழக்கு, எது அந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு நீதிமன்ற ஆவணமாகவே பதில் விட்டுச் சென்றது. ஏலம் கேட்டவர்கள் நம்பிப் பணம் வைத்தது இந்தத் தொடர்ச்சியின் மேல்.

ஐரோப்பாவில் நடந்த இரண்டு விற்பனைகளை அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே வகை. அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த சாதாரண ரிவால்வர்.

ஒன்று, 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் கவிஞர் பால் வெர்லேன் தன் நண்பரும் கவிஞருமான ரேம்போவைச் சுட்டது. குண்டு மணிக்கட்டில் பட்டது. அன்று காலைதான் அதை வாங்கியிருந்தார். போலீஸ் விசாரணை, வழக்கு, சிறை என்று நிகழ்ச்சி முழுவதும் ஆவணத்தில் இருக்கிறது. விற்ற கடையின் பதிவேட்டில் வரிசை எண்ணும் இருக்கிறது. 2016 நவம்பரில் பாரிஸ் கிறிஸ்டீஸில் 4,34,500 யூரோவுக்குப் போனது. மதிப்பீடு 50,000 முதல் 60,000 யூரோவாக இருந்தது.

இன்னொன்று, ஓவியர் வான் கோ 1890-ல் தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படுவது. பல பத்தாண்டுகள் கழித்து ஓவேர்-சுர்-உவாஸ் கிராமத்து வயலில் ஒரு விவசாயி கண்டெடுத்தார். முழுக்கத் துரு, கைப்பிடி மரம் இல்லை. கிடைத்த இடம் பொருந்துகிறது, குண்டின் அளவு பொருந்துகிறது, மண்ணுக்குள் கிடந்த காலமும் பொருந்துகிறது. ஆனால் உறுதியான சான்று இல்லை. 2019 ஜூனில் பாரிஸில் 1,62,500 யூரோவுக்கு விற்றது. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் என்று பார்த்தால் வான் கோவின் பெயர்தான் பெரிது. விலை அதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் ஒரு பெரும் பங்கு ஆதாரத்தின் விலை.

விலை போடும்போது நடக்கும் கணக்கு

ஒரு மதிப்பீட்டாளர் ரிவால்வரைக் கையில் எடுத்தால், ஏறக்குறைய இந்த வரிசையில் யோசிப்பார்:

1. துல்லியமாக எந்த மாடல், எந்த வகை, எந்த வருடம்? சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் 1873 முதல் 1940கள் வரை முதல் தலைமுறை. 1956-ல் தொடங்கியது இரண்டாவது. 1976-க்குப் பின் மூன்றாவது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருக்கும், விலை வேறு.

2. எல்லாப் பாகங்களும் அசலா? கைப்பிடி, திருகு, குறிபார்க்கும் முள் வரைக்கும்.

3. மேற்பூச்சு அசலா, மறுபூச்சா? அசலென்றால் எத்தனை சதவீதம்?

4. இந்த வகைக்கு இப்போது வாங்குபவர் இருக்கிறாரா?

5. உடைமை வரலாற்றுக்கு எழுத்துச் சான்று என்ன?

6. இதே நிலையில் இதே வகை அண்மையில் என்ன விலைக்கு விற்றது?

ஆறாவது கேள்வியில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். ஏல அறிவிப்பில் வரும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணமும் சேர்ந்திருக்கும். விற்பவர் கைக்கு அவ்வளவும் போகாது. 60,30,312 டாலர் என்பதும் கட்டணம் சேர்ந்த தொகைதான். அடுத்து, யாரோ இணையத்தில் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. விற்று முடிந்த விலைதான் கணக்கு. அப்புறம், ஒரே துப்பாக்கிக்குக் காப்பீட்டுக்கு ஒரு மதிப்பு, ஏலத்தில் ஒரு மதிப்பு, வியாபாரி உடனே பணம் தந்து வாங்கினால் அதைவிடக் குறைந்த மதிப்பு. மூன்றும் நேர்மையான மதிப்புகளே. எந்தத் தேவைக்காகக் கேட்கிறோம் என்பதுதான் வேறு.

சட்டம் விலையை எப்படி மாற்றுகிறது?

அமெரிக்காவில் 1968-ம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-லும் அதற்கு முன்பும் செய்தவை பழம்பொருள். கூட்டாட்சி விதிகளில் பெரும்பாலானவை அவற்றுக்குப் பொருந்தாது. ஒரு வருடம் முன்பின் செய்த இரண்டு கோல்ட்களில், கோட்டுக்கு இந்தப்பக்கம் இருப்பதைச் சுலபமாக வாங்கி விற்கலாம் என்பதால் அதற்கே கிராக்கி. பிரிட்டனில் 1997-ல் கைத்துப்பாக்கித் தடை வந்த பிறகு, பழைய, இன்று தோட்டா கிடைக்காத வகைகளுக்கு விலக்கு இருந்தது. அந்த விலக்கைக் குற்றவாளிகள் பயன்படுத்தியதால் 2021-ல் ஏழு தோட்டா வகைகளை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதுவரை உரிமமில்லாமல் அலமாரியில் இருந்த ரிவால்வருக்கு அதன் பிறகு உரிமம் தேவைப்பட்டது.

தந்தக் கைப்பிடி தனிச் சிக்கல். 2016 ஜூலையில் அமெரிக்கா ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுதாகத் தடை செய்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு விலக்கு உண்டு; ஆனால் வயதை நிரூபிப்பது உடைமையாளரின் பொறுப்பு. எல்லை தாண்டினால் தனி அனுமதியும் வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படாத நிலையில் இருக்க வேண்டும். சுடக்கூடிய அல்லது சரிசெய்தால் சுடக்கூடிய ரிவால்வர் 150 வருடப் பழசானாலும் உரிமம் தேவை. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் இரண்டு. பரம்பரையாக வந்தவற்றுக்கும் அந்த வரம்பு பொருந்தும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே லாஸ் ஏஞ்சல்ஸ் விலையைப் பார்த்து இங்கே கணக்குப் போடுவது வீண். இங்கே சந்தை மிகச் சிறியது.

பெரியவர்கள் விட்டுச் சென்ற உரிமம் பெற்ற ரிவால்வர் வீட்டில் இருக்குமானால் செய்ய வேண்டியவை இவை. உரிமதாரர் இறந்திருந்தால் தாமதிக்காமல் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு, அதாவது மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. மணல் காகிதம், துரு நீக்கும் திரவம், பட்டறை மெருகு எதுவும் வேண்டாம். வரிசை எண், முத்திரைகள், கைப்பிடி எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, தோல் உறை, அந்தத் துப்பாக்கியோடு தாத்தா நிற்கும் புகைப்படம் இவற்றை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று நினைவுள்ளவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதை எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.